மருந்தேற்றிய ப்ளைவுட் பலகையின் வலிமை குறித்து உதவி தேவை

வணக்கம். செங்கோட்டையை அடுத்த புளியரையில், தென்மேற்குப் பருவமழையின் சாரல் நேரே அடிக்கும் திறந்த தாழ்வாரத்தில் மூட்டைகள் அடுக்கும் பரண் அமைப்பதற்காக, கேரளத்தின் பெரும்பாவூரிலிருந்து வரும் ரப்பர் மர ப்ளைவுட்டை வாங்க எண்ணியுள்ளோம். ரப்பர் மரத்தில் மாவுச்சத்து மிகுதி என்பதால் துளைப்பூச்சி எளிதில் பற்றும். அதைத் தடுக்க ஏற்றப்படும் போரான் உப்போ, தொடர்ந்து நனைந்தால் கரைந்து வெளியேறிவிடும். ஐ.எஸ். 710 (கடல்சார் ப்ளைவுட்டுக்கான இந்தியத் தரநிலை) தரப் பலகை 72 மணி நேரக் கொதிநீர்ச் சோதனையைத் தாங்குவது பசையின் உறுதியைத்தான் காட்டுகிறது, மரம் மட்காது என்பதை அன்று. என் கவலை அதுவே. போரானுக்கு மாற்றாகத் தாமிர உப்பு ஏற்றிய பலகையில் சாதாரண இரும்புத் திருகாணி விரைவில் அரிக்கும் என்பதும் தெரியும். ஆகவே, மருந்தேற்றி உலர்த்திய பலகை பாரத்தில் எவ்வளவு வளைகிறது, அறுத்த விளிம்புகளுக்கு எதைப் பூசுகிறீர்கள், அடிச்சட்டங்களுக்கிடையே எவ்வளவு இடைவெளி விடுகிறீர்கள் என்பதை, மலையோர ஊர்களில் அனுபவமுள்ள தச்சர்களும் பொறியாளர்களும் தெரிவித்து உதவ வேண்டுகிறேன்.