புதுப்பிப்பு: கிரிக்கெட் அட்டைகளுக்கு எந்த உறை பொருந்தும்?

கிரிக்கெட் வீரர்கள் படம் போட்ட அட்டைகள் சேர்க்கத் தொடங்கியிருக்கிறேன், அதற்கென்று உறை எங்கும் கிடைக்கவில்லை என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

போக்கிமான் விளையாட்டு அட்டைக்கான உறையை வாங்கச் சொன்ன யோசனைதான் சரியாக வந்தது. இரண்டு அட்டையும் ஒரே அளவு: 2.5 அங்குல அகலம், 3.5 அங்குல உயரம். யூ-கி-ஓ என்ற இன்னொரு அட்டை விளையாட்டின் உறை வேண்டாம், அது சிறியது. முதலில் மெல்லிய உறை, அப்புறம் டாப்லோடர், அதாவது மேலே திறந்த கெட்டியான பிளாஸ்டிக் கூடு. வெறும் அட்டையை டாப்லோடரில் செருகினால் கீறல் விழும்.

எதிர்பாராத ஒன்று: ஜெர்சித் துணி பதித்த அட்டை சாதாரண 35 பாயின்ட் டாப்லோடரில் நுழையவே இல்லை. 130 பாயின்ட் வாங்க வேண்டியிருந்தது. பாயின்ட் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு தடிமன்.

உள்ளே என்ன அட்டை என்று தெரியாத பாக்கெட்டை வாங்காமல் வேண்டிய அட்டையை மட்டும் தனியாக வாங்கச் சொன்னீர்கள். செலவு குறையும்தான், ஆனால் பிரித்துப் பார்க்கும் ஆசை விடவில்லை.