பின்கட்டில் ஒரு கணப்பு: புகை மேலே போனால்தான் குளிர் காய முடியும்

கோத்தகிரியிலிருந்து:

மலையில் வீடு வைத்திருப்பவர்கள் பலருக்கும் பின்கட்டில் ஒரு கணப்பு, அதாவது பயர் பிளேஸ் கட்டி, மார்கழி தை மாதங்களில் சாயந்தரம் அதன் முன்னால் உட்கார வேண்டும் என்று ஆசை. எங்கள் வீட்டில் கட்டிய அனுபவத்தை எழுதுகிறேன். கட்டியவர்கள், கட்டப் போகிறவர்கள் உங்கள் ஊர்க் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இந்த வீட்டை வாங்கியபோதே பின்புறம் ஒரு கணப்பு இருந்தது. பார்க்க அம்சமாக இருக்கும். வெளியே கருங்கல், உள்ளே நான்கடி அகலம், மூன்றடி உயரம், இரண்டரை அடி ஆழம். ஆனால் மூட்டினால் ஐந்து நிமிடம் உட்கார முடியாது. புகை அத்தனையும் முன்பக்கமாகவே வரும். என் அம்மா கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து உள்ளே போய்விடுவார். காற்று திசை மாறிவிட்டது, விறகு ஈரம், கொத்தனார் கைராசி என்று ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள்.

காரணம் கணக்கில் இருந்தது. அந்தக் கணப்பின் வாய் 48 அங்குலம் அகலம், 36 அங்குலம் உயரம். பெருக்கினால் 1,728 சதுர அங்குலம். புகைபோக வைத்திருந்ததோ ஆறு அங்குலக் குழாய் ஒன்று. அதன் குறுக்கு வெட்டு 28 சதுர அங்குலம்தான். வாயின் பரப்பில் அறுபதில் ஒரு பங்கு. பத்தில் ஒரு பங்காவது வேண்டும் என்பது கணப்பு கட்டுகிறவர்கள் காலகாலமாக வைத்திருக்கும் கணக்கு. அந்த வழியில் அவ்வளவு புகையும் எப்படி ஏறும்?

இன்னொன்று ஆழம். ஆழமாகக் கட்டினால் நெருப்பு பின்னால் போய் ஒடுங்கிக்கொள்ளும். வீட்டுக்குள் என்றால் அறையின் காற்றாவது சூடாகும். வெட்டவெளியில் சூடான காற்று நமக்கு நிற்காது, மேலே போய்விடும். நெருப்பிலிருந்தும் சூடேறிய செங்கல்லிலிருந்தும் நேராக நம் மேல் படுகிற வெப்பம் மட்டும்தான் நமக்குக் கிடைக்கும். அதனால் நெருப்பு முன்னால் இருக்க வேண்டும், பக்கச் சுவர்கள் விரிந்து நம்மைப் பார்த்து நிற்க வேண்டும்.

இதை இருநூறு வருடங்களுக்கு முன்பே ஒருவர் எழுதி வைத்துவிட்டார். அமெரிக்காவில் பிறந்து, பவேரியாவிலும் இங்கிலாந்திலும் வாழ்ந்த பெஞ்சமின் தாம்சன். ரம்ஃபோர்டு பிரபு என்றால்தான் தெரியும். லண்டன் வீடுகளில் புகைந்துகொண்டிருந்த கணப்புகளைத் திருத்திக் கொடுத்தவர். 1796இல் கணப்புகளைப் பற்றி அவர் வெளியிட்ட கட்டுரையின் சாரம் மூன்று விஷயம்: ஆழத்தைக் குறை, பக்கச் சுவர்களைச் சாய்த்து விரி, புகைபோக்கியின் தொண்டையை, அதாவது புகை கூண்டுக்குள் நுழைகிற வழியை, ஒடுக்கு.

அந்த முறையில்தான் கட்டினோம். வாய் மூன்றடி அகலம், மூன்றடி உயரம். பின்சுவர் ஓரடி அகலம் மட்டும், ஆழமும் ஓரடி. இரண்டு பக்கச் சுவரும் 45 டிகிரி சாய்வில் விரிந்து வரும். வாய்க்கு மேலே குறுக்காகப் போடுகிற லிண்டலுக்கு எட்டு அங்குலம் மேலே தொண்டை. முன்னும் பின்னுமாக நான்கு அங்குலம்தான் இடைவெளி, அகலவாக்கில் நீளமாக இருக்கும். அதற்கு மேல் ஓரடிக்கு ஓரடி புகைக்கூண்டு. வாய் 1,296 சதுர அங்குலம், கூண்டு 144. ஒன்பதில் ஒரு பங்கு வந்துவிட்டது.

மேஸ்திரிக்கு மனசே ஒப்பவில்லை. “சார், ஓரடி ஆழம்னா விறகு வெளிய உருண்டுராதா? தொண்டைய இப்படிச் சுருக்குனா புகை எங்க போகும்?” என்று கேட்டார். நாற்பது வருடம் கல் வைத்த மனிதர், அவர் கேட்டது நியாயமான கேள்விதான். விறகைப் படுக்கப் போடாமல் பின்சுவரில் சாய்த்து நிறுத்தலாம் என்றேன். தொண்டையைப் பற்றிக் கேட்டதற்குப் பதில் அப்போது என் வாயில் வரவில்லை. வழி ஒடுங்கும்போது புகையின் வேகம் கூடும், மேலேயிருந்து குளிர்ந்த காற்று இறங்கி வருவதும் தடைப்படும். அவர் அதை நம்பியது முதல் நாள் மூட்டியபோதுதான். செய்தித்தாளைச் சுருட்டிப் பற்றவைத்துத் தொண்டைக்கு நேராகப் பிடித்தோம். புகை லிண்டலுக்குக் கீழே ஒரு கணம் சுழன்றது, முன்னால் வரலாமா என்பதுபோல் கொஞ்சம் எட்டிப் பார்த்தது, அப்புறம் சரசரவென்று மேலே இழுபட்டுப் போயிற்று. மேஸ்திரி கையில் வைத்திருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, குனிந்து உள்ளே தலையை நீட்டிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த சுள்ளியை அவரே எடுத்து வைத்தார்.

பொருளைப் பற்றிச் சொல்ல வேண்டும். நெருப்பு படுகிற இடம் முழுக்க ஃபயர் பிரிக், அதாவது சூடு தாங்கும் செங்கல். கோயம்புத்தூரில் இரும்பை உருக்கி வார்க்கும் பவுண்டரிகள் நிறைய இருப்பதால் அங்கே சுலபமாகக் கிடைக்கிறது. 9 அங்குலம், நாலரை, மூன்று என்பது வழக்கமான அளவு. அதைச் சிமெண்ட் கலவையில் வைக்கக் கூடாது. சாதா சிமெண்ட் 400 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் உள்ளுக்குள் சிதைந்து உதிர ஆரம்பிக்கும். சூடு தாங்கும் களிமண்ணான ஃபயர் கிளே கலவைதான் வேண்டும், அதுவும் மெல்லிசாக, மூன்று மில்லிமீட்டர் அளவுக்கு. உள்சுவருக்கும் வெளிக் கருங்கல்லுக்கும் நடுவே ஓர் அங்குலம் இடைவெளி விட்டு, சூடு தாங்கும் பஞ்சு போன்ற செராமிக் வூல் வைத்தோம். உள்ளே இருப்பது சூட்டில் விரியும், வெளியே இருப்பது விரியாது. இரண்டையும் ஒட்டிக் கட்டினால் வெளிச்சுவர் வெடிப்பு விடும்.

விறகுக்கு இங்கே பஞ்சமில்லை. சீகை (வாட்டில்) மரம் நன்றாக நின்று எரியும். கற்பூர (யூகலிப்டஸ்) மரத்தைப் பச்சையாக இருக்கும்போதே பிளந்துவிட வேண்டும். காய்ந்தபின் கோடாலி இறங்காது. பிளந்து, மேலே மட்டும் தகரம் போட்டு, பக்கம் திறந்தபடி ஒரு கோடையாவது காய வேண்டும். சொந்தத் தோட்டத்து மரமே என்றாலும் வெட்டுவதற்கு முன் அனுமதி வேண்டும் என்பதை மலையில் இருப்பவர்கள் மறக்க வேண்டாம். மலைப்பகுதி மரங்களைப் பாதுகாக்கும் 1955ஆம் வருடச் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது.

உட்காரும் இடத்துக்கும் யோசனை வேண்டும். முன்னால் முகம் சூடாக இருக்கும், முதுகு விறைத்துப் போகும். நெருப்பிலிருந்து ஏழெட்டடி தள்ளி, அரைவட்டமாக, இரண்டரை அடி உயரத்தில் கல் திண்ணை ஒன்று முதுகுச் சுவரோடு கட்டியிருக்கிறோம். பள்ளத்தாக்கிலிருந்து ஏறி வரும் காற்றை அது தடுக்கிறது. இப்போது அம்மாதான் கடைசியாக எழுந்து போகிறார்.

குன்னூரிலிருந்து:

அண்ணா, வெளியே கட்ட வேண்டும் என்று நான் எல்லோரிடமும் சொல்வதற்கு வேறொரு காரணம் இருக்கிறது. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் குளிர் தாங்காமல் இரும்புச் சட்டியில் கரியைப் போட்டுப் படுக்கை அறைக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்திவிட்டார்கள். புகை இல்லை, தணல்தானே என்று நினைத்தார்கள். விடியற்காலையில் பால்காரர் தட்டிப் பார்த்துப் பதில் வராமல் ஆள் சேர்த்துக் கதவை உடைத்ததால் பிழைத்தார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. தலை வலிக்கும், தூக்கம் வருவதுபோல் இருக்கும், அவ்வளவுதான். நீலகிரியில் இப்படி உயிர் போன செய்திகளை நாம் படித்திருக்கிறோம். சுற்றுலா வருகிறவர்களுக்கும் வடக்கேயிருந்து வேலைக்கு வருகிறவர்களுக்கும் இது தெரிவதில்லை. வீட்டை வாடகைக்கு விடுகிறவர்கள் இதைக் கட்டாயம் சொல்லி அனுப்ப வேண்டும். வெளியே மூட்டிய நெருப்பில் மிஞ்சிய தணலையும் உள்ளே கொண்டுபோகக் கூடாது.

அப்புறம் சாம்பல். அதைத் தோட்டத்தில் கண்ட இடத்தில் கொட்ட வேண்டாம். விறகுச் சாம்பல் காரத்தன்மை உள்ளது. தேயிலைக்கு அமில மண் வேண்டும், கமேலியா, அசேலியா பூச்செடிகளுக்கும் அப்படித்தான். எங்கள் வேலியோரம் நீலமாகப் பூத்துக்கொண்டிருந்த ஹைட்ரேஞ்சியா, பக்கத்தில் சாம்பல் கொட்டத் தொடங்கிய பிறகு மெல்ல மெல்ல ரோஸ் நிறத்துக்கு வந்துவிட்டது. உருளைக்கிழங்குப் பாத்திக்கும் ஆகாது, சொறி நோய் கூடும். முட்டைக்கோஸ் பாத்தியில் கொஞ்சமாகத் தூவலாம். வேர்வீக்க நோய் குறையும்.

நுவரெலியாவிலிருந்து:

எங்கள் பக்கம் பழைய பங்களாக்களில் கணப்பு இல்லாத வீடே இல்லை. ஆனால் லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், வளர்ந்த எங்களுக்குக் கணப்பு என்றால் வாசலில் மூன்று கல் வைத்து மிலாறு, அதாவது தேயிலைக் குச்சி, எரிப்பதுதான். கவ்வாத்து வெட்டிய தேயிலை மிலாறைக் கட்டுக்கட்டாகத் தலையில் சுமந்து கொண்டுவந்து, கூரைக்குக் கீழே அடுக்கி வைப்பார் எங்கள் அப்பாயி. சுள்ளென்று பிடிக்கும், தணலும் நிற்கும். இன்றைக்கும் என் வீட்டுப் பின்புறக் கணப்பில் முதல் நெருப்பு மிலாறில்தான்.

ஒரு விஷயத்தைப் புதிதாகக் கட்டுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஆற்றுக் கல்லை நெருப்புக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். வழவழவென்று அழகாக இருக்கும், சும்மா கிடைக்கும், ஆசையாகத்தான் இருக்கும். சின்ன வயதில் ஓடையிலிருந்து எடுத்து வந்த கல்லைச் சுற்றி வைத்து நெருப்பு மூட்டியபோது, ஒரு கல் பட்டாசு மாதிரி வெடித்து, தெறித்த சில்லு என் தங்கச்சியின் புருவத்தைக் கிழித்தது. கண் தப்பியது. கல்லுக்குள் ஊறியிருக்கும் தண்ணீர் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் கல்லையே உடைத்துவிடும். வெளிச்சுவருக்கு எந்தக் கல்லும் வையுங்கள். நெருப்பு தொடுகிற இடத்துக்கு ஃபயர் பிரிக்தான்.

ஸ்கார்பரோவிலிருந்து:

வாசிக்க வாசிக்க ஆசையாக இருக்குது அண்ணா. டொரொண்டோ நகருக்குள்ளே எங்களுக்கு இந்த வசதி இல்லை. பின்வளவில் விறகு எரிக்க நகரசபை விடாது. புரொப்பேனிலோ இயற்கை வாயுவிலோ எரிகிற, தரச்சான்று உள்ள கணப்பு மட்டும் வைக்கலாம். நாங்கள் புரொப்பேன் மேசை ஒன்று வைத்திருக்கிறோம். புரட்டாதி, ஐப்பசியில் அதைச் சுற்றியிருந்து தேத்தண்ணி குடிக்க நல்லாத்தான் இருக்கும். ஆனால் விறகு நெருப்பின் சூடு இதில் இல்லை என்பதையும் சொல்ல வேணும்.

என்ர தம்பி நகருக்கு வெளியே பெரிய காணி வாங்கி, அங்கத்தைய தீயணைப்புப் பிரிவிடம் கேட்டு, செங்கல்லிலேயே கட்டினான். இங்கே அத்திவாரம்தான் பெரிய வேலை. குளிர்காலத்தில் நிலத்துக்குள் இருக்கும் ஈரம் உறைந்து உப்பி, மேலே இருப்பதைத் தூக்கிவிடும். தெற்கு ஒன்டாரியோவில் நாலடி, அதாவது 1.2 மீட்டர் ஆழத்துக்குக் கீழேதான் அந்த உறைவு இறங்காது. அதற்கும் கீழே போய்த்தான் கொங்கிறீட் போட்டவன். நிலத்துக்குள் போனது கண்ணுக்குத் தெரிகிற கணப்பைவிடக் கூடச் செலவு.

கொடைக்கானலிலிருந்து:

மாசி முதல் சித்திரை வரை எங்கள் பக்கம் காட்டுத்தீ காலம். புல் காய்ந்து கிடக்கும், ஒரு பொறி போதும். அந்த மாதங்களில் காற்று அடிக்கும் நாளில் நாங்கள் மூட்டுவதே இல்லை. மற்ற நாளிலும் புகைக்கூண்டின் தலையில் கம்பி வலை, கணப்பைச் சுற்றிப் பத்தடிக்குச் சருகு இல்லாத தரை, பக்கத்தில் இரண்டு வாளி தண்ணீர் இல்லாமல் தீக்குச்சி உரசுவது கிடையாது. கற்பூர இலையை உள்ளே போடாதீர்கள், தைலம் இருப்பதால் குப்பென்று எழும்பி எரிகிற இலையே மேலே பறக்கும். சாம்பலை மூடி போட்ட தகர வாளியில் எடுத்து, இரண்டு மூன்று நாள் கல் தரையில் வைத்துவிட்டுத்தான் கொட்ட வேண்டும். மேலே ஆறினாலும் உள்ளே தணல் இருக்கும்.

கோத்தகிரி அண்ணாவிடம் ஒரு கேள்வி. மழைக்கு என்ன செய்கிறீர்கள்? எங்கள் கணப்பில் ஐப்பசி மழைக்கு உள்ளே தண்ணீர் நின்று, கலவை கரைந்து வருகிறது.

கோத்தகிரியிலிருந்து:

தம்பி, ஃபயர் கிளே கலவை சூட்டில் வேகாதவரை வெறும் களிமண்தான். தண்ணீர் பட்டால் கரையும். வெளியில் கட்டுவதென்றால் காற்றிலேயே இறுகும் வகைக் கலவை என்று கேட்டு வாங்க வேண்டும். எங்களுக்கும் வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. கூண்டின் மேல் நான்கு மூலைக்கும் கல் கால் வைத்து, ஓரடி உயர்த்தி ஒரு கடப்பா கல் பலகை போட்டிருக்கிறோம். கூண்டைவிட எல்லாப் பக்கமும் ஆறு அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கணப்பின் தரையை முன்பக்கமாக அரை அங்குலம் வாட்டம் கொடுத்துப் போட்டோம், தண்ணீர் நிற்காது. மழைக்காலத்தில் வாயைத் தகரக் கதவால் மூடிவிடுவோம்.

மழை முடிந்ததும் நேராகப் பெரிய நெருப்பு போட்டுவிடாதீர்கள். ஈரம் ஊறிய சுவரில் திடீரென்று சூடு ஏறினால் செங்கல் சில்லு சில்லாகப் பெயரும். புதிதாகக் கட்டியதற்கும் இதே முறைதான். சில நாட்களுக்குச் சுள்ளியை மட்டும் வைத்துச் சின்னதாக எரித்து, கைவைத்துப் பார்த்தால் வெளிக்கல்லில் ஈரக்கசிவு நின்றுவிட்டது என்று தெரிந்தபிறகு கட்டை வைக்கலாம். உங்கள் கணப்பில் கலவை எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பாருங்கள். இணைப்பில் கால் அங்குலத்துக்கு மேல் பள்ளம் இருந்தால் பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும், மேலே அப்பினால் நிற்காது. படம் எடுத்துப் போடுங்கள், மேஸ்திரியிடமும் காட்டிக் கேட்டுச் சொல்கிறேன்.