ராணி எறும்பு கிடைத்தாயிற்று, இனி என்ன?

வீட்டில் எறும்பு வளர்க்கப் பிடித்தது ராணிதானா என்று முதலில் பாருங்கள். மழை விட்ட இரவு விளக்கடியில் விழுவதெல்லாம் எறும்பு அல்ல. ஈசலுக்கு நான்கு இறகும் ஒரே நீளம், இடுப்பு கிடையாது. ராணி எறும்புக்கு இடுப்பு ஒடுங்கியிருக்கும், நெஞ்சு புடைத்திருக்கும். இறகு உதிர்த்துவிட்டிருந்தால் நெஞ்சின் பக்கத்தில் சின்னத் தழும்பு தெரியும். கட்டெறும்பில் பெரிய தலை உள்ள வேலைக்காரியை ராணி என்று பலர் பிடித்துவிடுகிறார்கள். தலையைப் பார்க்காதீர்கள், நெஞ்சைப் பாருங்கள்.

கட்டெறும்பு ராணிக்கு 16 மி.மீ. அகலம், 150 மி.மீ. நீளமுள்ள சோதனைக்குழாய் போதும். மூன்றில் ஒரு பங்கு கொதித்து ஆறிய தண்ணீர் ஊற்றி, பஞ்சை இறுக்கி உருட்டி, பென்சிலால் தண்ணீரைத் தொடும்வரை தள்ளுங்கள். பஞ்சு ஈரமாக வேண்டும், குழாயைக் கவிழ்த்தால் சொட்டக் கூடாது. பஞ்சு தளர்ந்தால் வெயில் நேரத்தில் உள்ளே சிக்கிய காற்று விரிந்து தண்ணீரை வெளியே தள்ளும், முட்டையோடு ராணியும் போய்விடும். ராணியைக் குழாய்க்குள் விட்டு, குழாயின் வாயை உலர்ந்த பஞ்சால் அடைத்து, கறுப்புக் காகிதம் சுற்றி, அதிராத அலமாரியில் படுக்க வையுங்கள். ஃபிரிட்ஜ் மேல் வேண்டாம், அதன் அதிர்வு ஓயாது.

சாப்பாடு? எதுவுமே வேண்டாம். இனி பறக்கப் போவதில்லை என்பதால் இறகுத் தசை கரைந்து, அதுதான் முதல் புழுக்களுக்கு உணவாகிறது. இரக்கப்பட்டுத் தேன் வைத்தால் பூஞ்சைதான் வளரும். வாரம் ஒரு முறைக்கு மேல் வெளிச்சத்தில் எடுக்காதீர்கள். மிரண்ட ராணி தன் முட்டையைத் தானே தின்னும்.

* * *

மேலே சொன்னதன் தொடர்ச்சி. 28–30 டிகிரி சூட்டில் கட்டெறும்புக்கு முட்டையிலிருந்து முதல் வேலைக்காரி வர ஏறக்குறைய 6 முதல் 8 வாரம். புழு கட்டும் கூடு வெளிர் பழுப்பில் நெல்மணி மாதிரி இருக்கும், ஒரு நுனியில் கறுப்புப் புள்ளி. அழுகல் என்று தூக்கி எறியாதீர்கள், அது புழுவின் கழிவு. நாள் வந்ததும் ராணியே கூட்டைக் கடித்துத் திறந்து, வெளிறிய குட்டியை மெதுவாக இழுத்து விடும். அந்தச் சில நிமிடம் காணக் கிடைத்தால் மூச்சுகூட விடத் தோன்றாது.

உணவு அதன்பிறகுதான். ஒரு பங்கு சர்க்கரை, மூன்று பங்கு தண்ணீர், தீக்குச்சி நுனியளவு துளி, ஒரு பிளாஸ்டிக் துண்டின்மேல். கூடவே நசுக்கிய கொசு ஒன்று. மறுநாள் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். மருந்தடித்த வீட்டுக் கரப்பான் வேண்டவே வேண்டாம், ஒரு கால் போதும் மொத்தக் குடும்பமும் சாக.

* * *

எல்லா ராணியும் பட்டினி கிடக்காது. இரையைத் தாவிப் பிடிக்கும் ஹார்ப்பக்னாதஸ் என்ற எறும்பின் ராணி குழி தோண்டியபின்னும் வெளியே வந்து வேட்டையாடும். அதைக் கட்டெறும்புபோல் அடைத்தால் செத்துப்போகும். இரண்டு மூன்று நாளுக்கொரு சிறு பூச்சி வேண்டும்.

பஞ்சில் லேசான கறை வந்தால் விட்டுவிடுங்கள். பூஞ்சை படர்ந்தால் புதுக் குழாயை வாயோடு வாய் சேர்த்து ஒட்டி, புதியதை இருட்டாக்கி, பழையதை வெளிச்சத்தில் வையுங்கள். தட்டிக் கொட்ட வேண்டாம். முட்டைக் கொத்தைக் கவ்விக்கொண்டு ராணியே குடி மாறும்.