மலைக் கரண்டில் கிட்டார் ஆம்ப்: வால்வு ரெக்டிஃபையரா, டயோடா?

கோத்தகிரி_கம்பி
கிட்டார் ஆம்ப் கட்டப் போறேன்: பவர் வால்வு 6வி6 இரண்டு, பிரீஆம்ப் (முதல் கட்டப் பெருக்கி) வால்வு 12ஏஎக்ஸ்7 இரண்டு. புஷ்-புல் (இரண்டு 6வி6-உம் மாறி மாறித் தள்ளும்), கேதோடு பயாஸ் (கிரிட்டுக்கு வேண்டிய நெகட்டிவை கேதோடு ரெசிஸ்டரே தரும்), 12 வாட் பக்கம். பவர் டிரான்ஸ்பார்மரைக் கோவையில் சுற்றக் கொடுக்கணும். நம்ம லைனில் சாயங்காலம் 7 மணிக்கு மீட்டர் 200 காட்டுது, நள்ளிரவில் 245. ரெக்டிஃபையர் (ஏசியை டிசி ஆக்குவது) 5ஒய்3 வால்வா, 1என்4007 டயோடா? செகண்டரி (டிரான்ஸ்பார்மரின் வெளிவரும் சுற்று, நடு முனை 0) 275-0-275 சரியா?

குன்னூர்_குழல்
யோசிக்கவே வேண்டாம், 5ஒய்3. 275-0-275, 120 மில்லி ஆம்ப்னு சொல்லிச் சுத்தச் சொல்லுங்க. சும்மா இருக்கும்போது 80 மில்லி ஆம்ப் இழுத்தால் முதல் கண்டன்சரில் 305 வோல்ட் பக்கம் நிற்கும். 6வி6-க்கு அது சுகமான இடம். ஓங்கி அடிச்சா வோல்டேஜ் அமுங்கி, அடி தணிஞ்சதும் மேலே வரும். விரலுக்குத் தெரியற அந்த அமுக்கம் டயோடில் கிடையாது. முதல் கண்டன்சர் 22 மைக்ரோ, 450 வோல்ட், அதோட நிறுத்திக்குங்க. ஹம் (உறுமல்) குறையட்டும்னு 100 மைக்ரோ போட்டால், கண்டன்சர் நிறையற ஒவ்வொரு தடவையும் பிளேட் கரண்ட் 400 மில்லி ஆம்ப் எல்லையைத் தாண்டி வால்வுக்குள்ளே பொறி பறக்கும். இன்னொண்ணு, வால்வு மெதுவா சூடாகறதால ஹெச்டியும் (வால்வுகளுக்குப் போகும் உயர் டிசி வோல்டேஜ்) மெதுவா ஏறும். மத்த வால்வுகளுக்குப் பாதுகாப்பு.

சாலிடர்_சாமி
கடைசி வரி தப்பு அண்ணே. 5ஒய்3 ஃபிலமெண்ட் நேரடியா சூடாகிற வால்வு, சில நொடியில் கரண்ட் விட ஆரம்பிச்சிடும். 6வி6 கேதோடு சூடாக 10 நொடிக்கு மேல் ஆகும். நடுவில் லோடே இல்லை. கண்டன்சர் 275 × 1.414, அதாவது 389 வரை ஏறும். 230-க்குச் சுத்தின டிரான்ஸ்பார்மரில் நள்ளிரவு 245 வந்தால் 414. மெதுவா ஏறணும்னா ஜிஇசட்34, ஈஇசட்81 மாதிரி தனி கேதோடு உள்ளதுதான் வேணும்.

என் கணக்கு: 240-0-240 சுத்துங்க. ஒவ்வொரு பக்கமும் 1என்4007 இரண்டு சீரியலா. ஒவ்வொரு பக்கமும் ரிவர்ஸில் 678 வோல்ட் வரும்; 1000 வோல்ட் டயோடு ஒண்ணே தாங்கும், இரண்டாவது ஐப்பசி இடிக்கு. இரண்டு பக்கமும் சேருமிடத்தில் 150 ஓம், 10 வாட் ஒயர்வவுண்ட். அங்கேயும் 300 வோல்ட் பக்கம்தான் நிற்கும், அமுக்கமும் உண்டு. 5 வோல்ட் 2 ஆம்ப் சுற்று மிச்சம், பெட்டிக்குள்ளே 10 வாட் சூடும் மிச்சம். ஒரு எச்சரிக்கை: 275-0-275-இல் 5ஒய்3-ஐ உருவிட்டு டயோடை மட்டும் சொருகினால் 60 வோல்ட் கூடி 370-ஐத் தொடும். 6வி6 தகடு சிவந்திடும்.

குன்னூர்_குழல்
ஃபிலமெண்ட் விஷயம் ஒத்துக்கறேன். ஆனா ரெசிஸ்டரில் கரண்ட் இரட்டிச்சா வோல்டேஜ் இழப்பும் இரட்டிக்கும். வால்வில் அப்படியில்லை, இழப்பு கரண்டை விட மெதுவா ஏறும். இரண்டும் ஒண்ணுன்னு எப்படிச் சொல்றீங்க?

சாலிடர்_சாமி
ஏட்டில் ஒண்ணு இல்லைதான். ஆனா இது கேதோடு பயாஸ். சும்மா இருந்தா 80 மில்லி ஆம்ப், முழுசா அடிச்சா 95 அல்லது 100. மொத்த அமுக்கமே 10, 15 வோல்ட். அதுக்குள்ளே வளைவு எது, நேர்கோடு எதுன்னு காது பிரிச்சிடுமா? கிரிட்டுக்குத் தனியா நெகட்டிவ் கொடுக்கிற பெரிய ஆம்ப்பா இருந்தா உங்க பேச்சு எடுபடும்.

லவ்டேல்_ஓம்
இரண்டு பேரும் செகண்டரியிலேயே தொங்குகிறீர்கள். தம்பி 200, 245 என்று எழுதியிருப்பதை யாரும் சட்டை செய்யவில்லை. 6.3 வோல்ட் ஹீட்டர் (வால்வைச் சூடாக்கும் இழை) 10 சதவீதம்தான் கூடக் குறைய இருக்கலாம்: 5.7 முதல் 6.9 வரை. 220-க்குச் சுற்றினால் 245-இல் ஹீட்டர் 7.0 ஆகும், வால்வு ஆயுள் குறையும். 240-க்குச் சுற்றினால் 200-இல் 5.25, சத்தம் சப்பையாகும். எனவே பிரைமரியில் (மெயின்ஸ் சேரும் சுற்றில்) 0, 215, 240 என்று டேப் (சுற்றின் நடுவே எடுக்கும் முனை) எடுக்கச் சொல்லவும். மாலையில் 215, இரவில் 240. ஆம்ப் ஓடும்போது ஸ்விட்சைத் திருப்பக் கூடாது. வால்வுகளுக்கு 6.3 வோல்ட்டில் 1.5 ஆம்ப் தேவை, 2 ஆம்ப்புக்குச் சுற்றுங்கள். அமெரிக்க 60 ஹெர்ட்ஸ் டிரான்ஸ்பார்மர் மலிவாக வந்தாலும் வேண்டாம், நம் 50-இல் கொதிக்கும்.

மழைக்காலத்தில் மரம் சாய்ந்து கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் வாசிப்பீர்களா? ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் என்றால் ஹீட்டர் அப்படியே இருக்கும், ஹெச்டி மட்டும் இறங்கும். 230 வோல்ட் சைன் அலையின் உச்சி 325. ஸ்கொயர் அலைக்கு உச்சியே 230. 305 இருந்த இடத்தில் 240 பார்த்துவிட்டு வால்வைச் சந்தேகிக்க வேண்டாம். டிரான்ஸ்பார்மர் உறுமும், கோரில் காந்தப்பாய்வு 11 சதவீதம் கூடுவதால்.

கோத்தகிரி_கம்பி
வீட்டில் இருக்கிறது ஸ்கொயர்தான் சார், கடையில் சொன்னாங்க. ஃபில்டருக்குச் சோக் (இரும்புக் கோர் சுருள்) போடலாமா, ரெசிஸ்டர் போதுமா? எர்த் எப்படி?

சாலிடர்_சாமி
முதல் கண்டன்சர் 22 மைக்ரோ, 80 மில்லி ஆம்ப் என்றால் ரிப்பிள் (டிசி மேல மிச்சமிருக்கிற ஏற்ற இறக்கம்) 36 வோல்ட், 100 ஹெர்ட்ஸில். புஷ்-புல் பிளேட்டுகளில் அது ஒண்ணை ஒண்ணு ரத்து பண்ணிடும். ஸ்கிரீனுக்கு (6வி6-இன் இரண்டாவது கிரிட்) 4.7 கே (கிலோ ஓம்), 22 மைக்ரோ போட்டால் அரை வோல்ட் ஆகிடும். 10 மில்லி ஆம்ப்புக்கு 47 வோல்ட் விழும், கணக்கில் வெச்சுக்குங்க. 10 ஹென்றி சோக் போட்டால் அந்த வோல்ட் தங்கும், அவ்வளவுதான். பிரீஆம்புக்கு 22 கே, 22 மைக்ரோ.

குன்னூர்_குழல்
சோக் விஷயத்தில் உங்க கட்சி. எர்த்துக்கு நான் சொல்றேன். பழைய பங்களாக்களில் மூணாவது பின் எங்கேயும் போகாம தொங்கும், பாறை நிலத்தில் எர்த் குழியும் பேருக்குத்தான். கிட்டார் கம்பி சேசியோட (ஆம்ப்பின் உலோகச் சட்டம்) சேர்ந்தது. அதனால முதல்ல எர்த் சோதனை, 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா துண்டிக்கிற பிரேக்கர்), அப்புறம் ஆம்ப். எர்த் ஒயருக்குத் தனி போல்ட். டிரான்ஸ்பார்மர் சென்டர் டேப் (அந்த 0 முனை) நேரா முதல் கண்டன்சரின் நெகட்டிவுக்குப் போகணும்; அதை சேசியில் முறுக்கினால் சார்ஜாகிற கரண்ட் சேசி வழியே ஓடி, எந்த ஃபில்டருக்கும் அடங்காத உறுமல் வரும்.

லவ்டேல்_ஓம்
மெயின்ஸ் ஃப்யூஸ் 500 மில்லி ஆம்ப் ஸ்லோ. அதற்கு அடுத்து 275 வோல்ட் எம்ஓவி (வோல்டேஜ் எகிறினால் அதை உள்வாங்கும் பாகம்). நியூட்ரல் போய் 400 வந்தால் அது வெடிக்கும், ஃப்யூஸ் முன்னால் இருந்தால்தான் அதோடு முடியும். சென்டர் டேப்பில் 250 மில்லி ஆம்ப் ஃப்யூஸ். கண்டன்சரை வடிக்க 220 கே, 2 வாட். வடிகட்டிக் கண்டன்சர்கள் எல்லாம் சேர்த்து 66 மைக்ரோ. 350 வோல்ட் 50-க்கு இறங்க அரை நிமிடம் ஆகும். அதற்குள் கை வைக்க வேண்டாம்.

5ஒய்3 என்றால் பேக்கலைட் சாக்கெட் கூடாது. 4, 6 பின்களுக்கு (அதன் இரண்டு பிளேட்டுகள்) நடுவே 778 வோல்ட் உச்சி. பனியில் ஈரம் படிந்தால் பேக்கலைட்டில் கரிக்கோடு விழுந்து அதுவே பாதையாகிவிடும். செராமிக் வாங்குங்கள். காப்பு இடைவெளி அட்டவணைகள் 2000 மீட்டர் உயரம் வரைக்கும்தான் செல்லும். கோத்தகிரிக்குப் பரவாயில்லை, ஊட்டியில் கொஞ்சம் தாராளமாக விடணும்.

கோத்தகிரி_கம்பி
செகண்டரியை 275-240-0-240-275 என்று டேப்போட, 5 வோல்ட்டும் சேர்த்துச் சுத்தச் சொல்றேன். முதல்ல டயோடு, பிறகு 5ஒய்3.

குன்னூர்_குழல்
பிறகு டயோடு பக்கமே திரும்பமாட்டீங்க.

சாலிடர்_சாமி
பார்க்கலாம். டயோடில் ஓடும்போது சும்மா இருக்கிற 275 முனை இரண்டுக்கும் தனித்தனியா ஸ்லீவ் மாட்டி, எதிரெதிர் மூலையில் கட்டுங்க. இரண்டுக்கும் நடுவே அப்போதும் 778 வோல்ட்தான்.