ஃபெஞ்சல் புயல்: கடலுக்கு மேல் வறண்ட காற்று எப்படி வரும்?

மணிலாக்காட்டான் (கேள்வி):

எனக்கு மயிலம் பக்கம் நிலம். 2024 நவம்பர் கடைசி வாரத்தை நினைத்தால் இன்றும் குழப்பம்தான். 26-ஆம் தேதியிலிருந்தே ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், விடிந்தால் புயல் என்று செய்தி ஓடியது. நாகை, திருவாரூர் பக்கம் சம்பாப் பயிர் மூழ்கியது. எங்களுக்கு வெறும் தூறல். ஒரு நாள் மாலை வானம் கறுத்து, சில்லென்று காற்று வீசியது. தார்ப்பாயை இழுத்து வைக்கோல் போரை மூடினோம். நாலு துளியோடு சரி.

பிறகு புயலாகாமலே கரை கடக்கும் என்றார்கள். 29-ஆம் தேதி பிற்பகல் புயலாகிவிட்டது என்றார்கள். 30-ஆம் தேதி இரவு கொட்டியதில் மயிலத்தில் மட்டும் ஏறத்தாழ 50 செ.மீ.! இடையில் வலுவடையாததற்கு ‘வறண்ட காற்று புகுந்தது’ என்று ஒரு காரணம் சொன்னார்கள். சுற்றிலும் கடல் இருக்கும்போது வறண்ட காற்று எங்கிருந்து வரும்? என் கைபேசியில் ஈரப்பதம் 90 சதவீதத்துக்குக் கீழே இறங்கவே இல்லை. இது சமாளிப்பா, உண்மையா?

பலூன்காரர்:

உண்மைதான், தம்பி. வானிலை ஆய்வகத்தில் பலூன் விடும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். காலையும் மாலையும் ஹைட்ரஜன் நிரப்பிய பலூனில் ஒரு சின்னக் கருவியைக் கட்டி மேலே அனுப்புவோம். ஏற ஏற வெப்பமும் ஈரப்பதமும் வந்துகொண்டே இருக்கும். முதல் 1 கிலோமீட்டர் வரை 90 சதவீதத்தை ஒட்டியே போகும் ஈரப்பதக் கோடு, சில நாள் 3 கிலோமீட்டரைத் தாண்டியதும் படியிலிருந்து சறுக்கியதுபோல 30 சதவீதத்துக்கு விழும். கீழே சட்டை வியர்வையில் ஒட்டும், மேலே பாலைவனக் காற்று. உங்கள் கைபேசி காட்டுவது தரையோரக் காற்றை மட்டும்தான். வங்கக்கடல் நவம்பரில் ஏறத்தாழ 28 டிகிரி சூட்டில் இருக்கும். கீழடுக்குக்கு ஈரம் எப்போதும் கிடைத்துக்கொண்டே இருக்கும். புயல் திரள்வதும் சிதறுவதும் பெரும்பாலும் 3 முதல் 6 கிலோமீட்டர் வரை உள்ள நடு அடுக்கைப் பொறுத்தது.

அந்த வறட்சி வடக்கிலிருந்து வருகிறது. அந்தப் பருவத்தில் வட இந்தியாவுக்கு மேலே உயரத்திலிருந்து காற்று மெல்ல இறங்கும். இறங்கும் காற்று ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 10 டிகிரி சூடேறும். புதிதாக ஈரம் சேராததால் ஒப்பு ஈரப்பதம், அதாவது அந்தச் சூட்டில் காற்று தாங்கக்கூடிய ஈரத்தில் இருப்பது எத்தனை சதவீதம் என்ற கணக்கு, சரியும். அந்தக் காற்று தெற்கே வழிந்து வங்கக்கடலின் நடு உயரத்தில் நுழைகிறது. அடியில் இருக்கும் கடல் அதைத் தொடுவதே இல்லை.

இனி உங்கள் வைக்கோல் போருக்கு வருவோம். மேலெழும் மேகம் சுற்றியுள்ள காற்றை உள்ளே இழுத்துக்கொண்டேதான் வளரும். அந்தக் காற்று வறண்டதாக இருந்தால் மேகத்துளிகள் ஆவியாகிவிடும். ஒரு கிலோ காற்றில் ஒரு கிராம் நீர் ஆவியானால் போதும், அந்தக் காற்று ஏறத்தாழ இரண்டரை டிகிரி குளிர்ந்துவிடும். குளிர்ந்த காற்று கனத்துக் கீழே விழும், தரையில் நாலாபுறமும் பரவும். உங்களுக்குச் சில்லென்று அடித்தது பெரும்பாலும் அதுதான்: உங்களுக்கு வரவேண்டிய மழை வழியிலேயே ஆவியாகி, குளிர்ச்சி மட்டும் வந்து சேர்ந்தது. இதே குளிர்காற்று கடலோரக் கீழடுக்கிலும் பரவினால், அடுத்த மேகம் எழுவதற்கான சூடான ஈரக்காற்றையும் அப்புறப்படுத்திவிடும். மேகங்கள் தனித்தனியாக எழுந்து செத்துக்கொண்டிருக்கும், கூட்டாகச் சுழலாது.

நாகைக் கரை:

ஐயா சொல்வது சரி. ஆனால் வறண்ட காற்றின் மேல் மட்டும் பழியைப் போட முடியாது. அந்த வாரம் காற்று முறிவும் இருந்தது. கீழே ஒரு திசை, மேலே வேறு திசை, வேறு வேகம் என்று காற்று வீசினால் சுழல் சாய்ந்துவிடும். செயற்கைக்கோள் படத்திலும் மேகமெல்லாம் ஒரு பக்கமாகவே ஒதுங்கிக் கிடந்ததைப் பார்த்தேன். முறிவு இல்லாவிட்டால் வறண்ட காற்று மையத்துக்குள் நுழைந்திருக்குமா?

பலூன்காரர்:

நல்ல கேள்வி. இரண்டும் கூட்டாளிகள். சுழல் நிமிர்ந்து நின்றால் தன்னைச் சுற்றி ஈரமான வேலி கட்டிக்கொள்ளும். வறட்சி வெளியிலேயே நிற்கும். சாய்ந்தால் ஒரு பக்கம் வேலி திறந்துவிடும். எனக்குக் கோபம் வருவது வேறு விஷயத்தில். தொலைக்காட்சியில் வெள்ளையாகப் பரவிய மேகத்தைக் காட்டி ‘மிரட்டும் புயல்’ என்பார்கள். அகச்சிவப்புப் படத்தில் வெள்ளை என்றால் மேகத்தின் உச்சி குளிர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். 12 கிலோமீட்டர் உயரத்தில் காற்றில் இழுபட்டுப் பரவும் கீற்று மேகமும் வெள்ளையாகவே தெரியும், அதிலிருந்து ஒரு துளி தரைக்கு வராது. இன்சாட் செயற்கைக்கோள் படங்களில் நீராவிப் படம் என்று தனியாக ஒன்று உண்டு. அதில் கருமை வறட்சி. கரும்பட்டை மையத்தை நோக்கி நாக்கு நீட்டுகிறதா என்று பாருங்கள்.

மணிலாக்காட்டான்:

புரிகிறது, ஐயா. அப்படியானால் 30-ஆம் தேதி மட்டும் என்ன மாறியது? காற்றின் வேகம் மணிக்கு 70 முதல் 80 கிலோமீட்டர்தானே. வர்தாவோடு ஒப்பிட்டால் சின்னப் புயல். அதற்கு இவ்வளவு மழையா?

பலூன்காரர்:

காற்றின் வேகமும் மழையளவும் வேறு வேறு கணக்கு, தம்பி. உங்கள் தலைக்கு மேலிருக்கும் காற்றுத் தூணில் உள்ள நீராவி முழுவதையும் பிழிந்தால், நல்ல மழை நாளில்கூட 6 அல்லது 7 செ.மீ. தண்ணீர்தான் தேறும். புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 48 செ.மீ. பெய்தது. அப்படியானால் குறைந்தது ஏழெட்டுத் தூண்களின் ஈரம் ஒரே ஊரின் மேல் வந்து குவிந்திருக்க வேண்டும். மேலிருந்த ஈரம் தீரத் தீரக் கடற்காற்று மறுபடி நிரப்பியது.

கரையை நெருங்கும்போது மையத்தைச் சுற்றி நடு அடுக்கும் ஈரமாகியிருந்தது; மேகம் எழுந்தால் சாகாமல் வளர முடிந்தது. நீராவி துளியாகும்போது வெளிவரும் உள்ளுறை வெப்பம் இன்னும் காற்றை மேலே தள்ளும். அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து மேலும் ஈரம் வரும். அதற்கு மேல், கரை கடந்த பிறகு பல மணி நேரம் அது புதுச்சேரி அருகே நகராமல் நின்றுவிட்டது. வர்தா 2016-இல் சென்னையை மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட காற்றோடு அடித்து மரங்களைச் சாய்த்துவிட்டு உடனே உள்ளே போய்விட்டது. இது நின்று பெய்தது.

நாகைக் கரை:

கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையையும் சேர்த்துச் சொல்லுங்கள். கடலிலிருந்து அவ்வளவு தூரத்தில் டிசம்பர் 2 காலை வரையிலான ஒரே நாளில் 50 செ.மீ. பெய்ததே!

பலூன்காரர்:

அங்கே போகும்போது அது புயலே இல்லை, வலுவிழந்த மிச்சம். ஆனால் சுழற்சி முழுதாக அழியவில்லை. வங்கக்கடலிலிருந்து கீழைக்காற்று ஈரத்தை உள்ளே அனுப்பிக்கொண்டே இருந்தது. ஜவ்வாது, சித்தேரி மலைகள் பக்கத்திலேயே இருக்கின்றன. வந்த காற்றை மேலேற்ற அவையும் உதவியிருக்கும். ‘புயல் வலுவிழந்தது’ என்ற செய்தியைக் கேட்டதும் ஏரிக்கரையைப் பார்க்கப் போகாமல் விட்டுவிடாதீர்கள். அந்தச் செய்தி காற்றைப் பற்றியது. மழைக்குக் காரைக்கால் ரேடாரைப் பாருங்கள்: மேகப் பட்டை ஒன்றன்பின் ஒன்றாக ஒரே ஊர் வழியாகப் போய்க்கொண்டிருந்தால் மாட்டை மேட்டுக்கு ஓட்டிவிடுங்கள்.