எம்ஜிபி காருக்கு வாங்கிய பழைய சைலன்சர் பாகங்கள் பொருந்தவில்லை; எது எந்த வண்டியுடையது?

கேள்வி (இராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரிலிருந்து)

அனைவருக்கும் வணக்கம். என் பெரியப்பா வைத்திருந்த 1966ஆம் ஆண்டு எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரை இரண்டு ஆண்டுகளாகச் சிறிது சிறிதாகச் சீர்செய்து வருகிறேன். 1798 சிசி என்ஜினும் இரட்டை எஸ்யூ கார்புரேட்டர்களும் கொண்ட, துணிக்கூரை வண்டி அது. கடல் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்தான் என்பதால், பழைய சைலன்சரும் குழாய்களும் உப்புக்காற்றில் அரித்து, தொட்டாலே உதிரும் நிலைக்கு வந்துவிட்டன. என்ஜினிலிருந்து வரும் புகையைத் திரட்டிக் குழாய்க்கு அனுப்பும் மேனிஃபோல்டிலும் விரிசல் விட்டிருந்தது. சென்ற மாதம் வெளியூரில் ஒரு பழைய உதிரிபாகக் கடையில், முழு செட்டும் எம்ஜி வண்டியுடையதே என்ற உறுதிமொழியோடு மூன்று பாகங்களை வாங்கி வந்தேன்.

முதலாவது, வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு. அது என்ஜினின் மேற்பகுதியான சிலிண்டர் ஹெட்டில் உள்ள ஸ்டட்களில் (மரையிட்ட தண்டுகளில்) ஒரு குறையுமின்றி உட்காருகிறது. ஆனால் கீழே அதற்கு ஒரே ஒரு வாய்தான் இருக்கிறது. நடுப்பகுதியின் மேலே சமதளமாகக் கடைந்த ஓர் இடமும், தகடு வைத்து மூடிய துளையும் உள்ளன. இரண்டாவது, முன்குழாய். இது மேலே இரண்டு குழாய்களாகத் தொடங்கி, கீழே ஒன்றாகச் சேர்கிறது. மூன்றாவது, வால்குழாயோடு கூடிய சைலன்சர். அதன் குழாய் முன்குழாயைவிடக் கண்ணுக்கே தெரியும் அளவுக்கு மெலிந்திருப்பதோடு, பின்புறத் தொங்கல் பட்டையும் வண்டியின் அடியில் உள்ள பிடிமானத்துக்கு ஒரு சாணுக்குச் சற்று அதிகமாக முன்னாலேயே நின்றுவிடுகிறது. இவற்றில் எதை வைத்துக்கொள்ளலாம், எதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று விவரம் அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி (இராமநாதபுரத்திலிருந்து)

ஐயா, வணக்கம். நான் முப்பது ஆண்டுகள் அம்பாசிடர் வண்டிகளைப் பழுது பார்த்தவன். மேனிஃபோல்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். உங்கள் சிக்கலின் வேர் அதில்தான் இருக்கிறது.

எம்ஜிபியின் 1798 சிசி என்ஜினும், பழைய அம்பாசிடரின் 1489 சிசி பெட்ரோல் என்ஜினும் பிரிட்டனின் பிஎம்சி நிறுவனத்தின் பி வரிசை என்ற ஒரே குடும்பத்தில் பிறந்தவை. இந்தக் குடும்பத்தில் நான்கு சிலிண்டர்களுக்கும் சேர்த்துப் புகை வெளியேற மூன்றே துளைகள்தான் உண்டு. நடுவிலுள்ள இரண்டு சிலிண்டர்கள் ஒரே துளையைப் பகிர்ந்துகொள்கின்றன. இரண்டிலும் துளைகளும் ஸ்டட்களும் ஒரே இடத்தில் அமைந்திருப்பதால், அம்பாசிடர் மேனிஃபோல்டு உங்கள் ஹெட்டில் அழகாக உட்காரத்தான் செய்யும். கடைக்காரரும் அதைப் பார்த்தே ஏமாந்திருக்கலாம். எம்ஜிபியின் அசல் மேனிஃபோல்டுக்குக் கீழே இரண்டு வாய்கள் உண்டு. வாய்க்கு மூன்றாக ஆறு ஸ்டட்கள் இருக்கும். அதற்கு முன்னால் வந்த எம்ஜிஏவுக்கு ஒரே வாய்தான். ஆனால் நீங்கள் சொல்லும் சமதள இடம், ஒற்றைக் கார்புரேட்டர் சலூன் வண்டிகளில், காற்றையும் பெட்ரோலையும் என்ஜினுக்குள் அனுப்பும் உள்ளிழுக்கும் மேனிஃபோல்டைச் சூடாக்குவதற்காக வைத்த இடம். ஆகவே இது அம்பாசிடருடையது என்றே கருதுகிறேன்.

கம்பித் தூரிகையால் துருவைத் தேய்த்து, வார்ப்பிலேயே பொறித்த எண் தெரிகிறதா என்று பாருங்கள். பி வரிசை வார்ப்புகளில் 12 எச் என்று தொடங்கும் எண்கள் வரும். 12 ஜி என்று தொடங்கினால் அது மினி, மிட்ஜெட் போன்ற சிறு கார்களின் சிறிய என்ஜின் குடும்பமான ஏ வரிசையைச் சேர்ந்தது.

இன்னொன்றையும் அவசியம் அளந்து பாருங்கள். இந்த என்ஜினில் உள்ளிழுக்கும் மேனிஃபோல்டும் புகை மேனிஃபோல்டும் ஒரே பக்கத்தில், ஒரே ஸ்டட்களைப் பகிர்ந்துகொண்டு நிற்கின்றன. ஒரு தடித்த வாஷர்தான் இரண்டின் விளிம்புகளையும் ஒருசேர அழுத்திப் பிடிக்கிறது. வெவ்வேறு வண்டிகளின் பாகங்களைச் சேர்க்கும்போது விளிம்புகளின் கனம் வேறுபட்டால், வாஷர் சாய்ந்து, கனமான விளிம்பை மட்டுமே பிடிக்கும். மெல்லிய விளிம்பு தளர்ந்தே கிடக்கும். நட்டை எவ்வளவு முறுக்கினாலும் அது சரியாகாது, வார்ப்பின் காதுதான் உடையும். புகை கசியும் இடத்தில் கரி படியும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கும்போது சைலன்சரில் பட்பட்டென்று வெடிப்பொலி கேட்கும். எல்லாவற்றையும்விட, கார்பன் மோனாக்சைடு வண்டிக்குள் வரக்கூடும். அசல் எம்ஜிபி மேனிஃபோல்டே கிடைத்தாலும், பூட்டுவதற்கு முன் வெர்னியரால் இரண்டு விளிம்புகளையும் அளந்துவிடுங்கள்.

மறுமொழி (கீழக்கரையிலிருந்து)

மேலே எழுதிய ஐயா சொன்னது முற்றிலும் சரி. சைலன்சரைப் பற்றி நான் சொல்கிறேன். எம்ஜி என்ற பெயரில் எம்ஜிபி மட்டுமன்றி மிட்ஜெட் என்ற சிறிய வண்டியும் இங்கிலாந்தின் அதே ஆபிங்டன் தொழிற்சாலையில் தயாரானது. எம்ஜிபியின் முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையே 91 அங்குலம்; மிட்ஜெட்டுக்கு 80 அங்குலம்தான். தொங்கல் பட்டை ஒரு சாணுக்கு மேல் முன்னால் நிற்பதற்கும் குழாய் மெலிந்திருப்பதற்கும் காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும். கடைக்காரர் எம்ஜி என்று சொன்னது பொய்யாகவும் இராது. இடையில் ஒரு துண்டுக் குழாயைப் பற்றவைத்து நீளத்தைச் சரிக்கட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பெரிய என்ஜினின் புகையை மெல்லிய குழாயில் அடைத்தால், வண்டி மேல்வேகத்தில் மூச்சுத் திணறும்.

மேலே இரண்டு குழாய்கள் இருப்பதால் முன்குழாய் எம்ஜிபியுடையதே, அதை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இரண்டு குழாய்களும் சேரும் இடத்தில் உள்ள பற்றவைப்பைத் திருப்புளி முனையால் அழுத்திப் பாருங்கள். நம் கரையில் உப்பு வெளியிலிருந்து தின்கிறது; குறுந்தூர ஓட்டத்தில் சூடேறாத குழாய்க்குள் தங்கும் நீர் உள்ளிருந்து தின்கிறது. சுத்தியலால் மெல்லத் தட்டும்போது கணீரென்று ஒலித்தால் தகடு நலமாக உள்ளது. மந்தமாக ஒலித்தால் உள்ளே உதிர்ந்துவிட்டது. புதிய சைலன்சர் செய்வதாக இருந்தால் 304 ரக ஸ்டெயின்லெஸ் தகட்டைக் கேளுங்கள். காந்தம் ஒட்டுவதை வைத்து மட்டும் ஸ்டெயின்லெஸ் அல்ல என்று ஒதுக்கிவிடக் கூடாது, 409 ரகத்தில் காந்தம் ஒட்டும். ஆனால் அந்த ரகம் இந்தக் காற்றில் சீக்கிரமே மேலெல்லாம் துருவேறிவிடும். மண்டபத்தில் விசைப்படகு வேலை பார்க்கும் பட்டறைகளில் ஆர்கான் வெல்டிங் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் கொடுப்பதே நல்லது.

கேட்டவர் (மண்டபம்)

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. மேனிஃபோல்டைத் தேய்த்துப் பார்த்ததில் முதல் எழுத்துகள் மட்டும் 12 எச் என்று தெளிவாகத் தெரிந்தன. மற்றவை அரித்துப் போயிருக்கின்றன. வெர்னியரில் அதன் விளிம்பு என்னுடைய உள்ளிழுக்கும் மேனிஃபோல்டின் விளிம்பைவிட ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் கனம் கூடுதலாக இருக்கிறது. பூட்டி ஓட்டியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று இப்போது புரிகிறது. மேனிஃபோல்டையும் சைலன்சரையும் திருப்பி அனுப்புகிறேன். முன்குழாயின் பற்றவைப்பு திருப்புளிக்கு அசையவில்லை.

மறுமொழி (இராமநாதபுரத்திலிருந்து)

நல்லது ஐயா. அசல் மேனிஃபோல்டு கிடைத்ததும், ஹெட்டில் அமரும் மூன்று முகங்களும் ஒரே தளத்தில் இருக்கின்றனவா என்று நேர்விளிம்புக் கோலை வைத்து, இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜால் சோதியுங்கள். வளைந்திருந்தால் லேத் பட்டறையில் மூன்றையும் சேர்த்து ஒரே தடவையில் சீவச் சொல்லுங்கள். முன்குழாயைப் பிடிக்கும் ஆறு நட்டுகளும் பித்தளையாகவே இருக்கட்டும். இரும்பு நட்டுகள் இந்த உப்புக்காற்றில் ஸ்டட்டோடு இறுகிவிடும், மறுமுறை கழற்றும்போது ஸ்டட் முறிந்து கையோடு வரும்.