வியப்பையும் நம்பாமையையும் காட்டும் ஆங்கிலத் தொடர்கள்: எங்கள் அனுபவங்கள்

இங்கிலாந்தின் வடபகுதியிலுள்ள லீட்ஸ் நகரில் முதியோரைக் கவனிக்கும் செவிலியராகப் பணிபுரிகிறேன். வியப்பைக் காட்டும் ஆங்கிலத்தைப் பாடநூல்களைவிட இங்குள்ள நோயாளிகளிடமே அதிகம் கற்றேன். எங்கள் ஊரில் மார்கழி மாதத்திலும் மின்விசிறி சுழலும் என்று ஒரு பாட்டியிடம் சொன்னபோது, அவர் "கெட் அவே!" என்றார். போய்விடு என்று கட்டளையிடுவதுபோல் அது ஒலித்தாலும், அவர் தலையணையிலிருந்து நிமிர்ந்து, கண்களை அகல விரித்து, நான் மேலே சொல்வதற்காகக் காத்திருந்தார். யார்க்‌ஷயர் மக்கள் நம்ப முடியாததைக் கேட்கும்போது இயல்பாகச் சொல்லும் தொடர் அது. அமெரிக்கர்கள் வியந்து சொல்லும் "ஷட் அப்!" என்பதும் இவ்வகையே ஆயினும், அது நெருங்கிய நண்பர்களுக்குள் மட்டுமே செல்லும், நோயாளியிடமோ மேலதிகாரியிடமோ அதைச் சொல்லவே கூடாது.

புதிதாக வரும் நம் செவிலியர்களிடம் நான் முதலில் வலியுறுத்துவது சின்னஞ்சிறு எதிர்வினாக்களைத்தான். மகன் நேற்று வந்தான் என்று ஒருவர் சொன்னால் "டிட் ஹி?" என்றும், தாம் லண்டனில் பிறந்தவர் என்று சொன்னால் "வெர் யூ?" என்றும் கேட்க வேண்டும். நம்முடைய "அப்படியா?" எல்லா இடத்துக்கும் பொருந்துவதுபோல் இங்கே ஒரே சொல்லை வைத்துக்கொள்ள இயலாது, பேசியவரின் வாக்கியத்துக்கு ஏற்பத் துணைவினை மாறும். இறுதியில் குரல் உயர்ந்தால் வியப்பு விளங்கும். தட்டையாக இறங்கினால், நாம் எவ்வளவு அன்போடு கேட்டிருந்தாலும், அக்கறையற்றதாகவே ஒலிக்கக்கூடும். மரணச் செய்தியைக் கேட்டு "யூ ஆர் கிட்டிங்" (விளையாடுகிறீர்கள்) என்பது, வாய்தவறி வந்தாலும், துயரத்தில் இருப்பவரைப் புண்படுத்தும். அவ்விடத்தில் "ஐ ஆம் சோ சாரி" என்பதே போதும்.

---

லீட்ஸ் சகோதரி சொன்னவற்றோடு ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் நான் கண்டதையும் சேர்க்கிறேன். இறைப்பற்று மிக்க முதியவர்கள் சிலருக்கு "ஓ மை காட்" என்பது பிடிக்காது. கடவுளின் பெயரை வீணாக எடுப்பதாக அவர்கள் கருதுகிறார்கள். அவர்கள் முன்னிலையில் "ஓ மை காஷ்", "மை குட்னஸ்" என்பவை பாதுகாப்பானவை. "ஓஎம்ஜி" என்னும் சுருக்கம் கைப்பேசித் தலைமுறையின் படைப்பன்று. 1917-இல் பிரிட்டிஷ் கடற்படையின் முன்னாள் தளபதி ஃபிஷர் பிரபு சர்ச்சிலுக்கு எழுதிய கடிதத்திலேயே அது உள்ளது. ஆஸ்திரேலியர்களிடம் பெரிதும் வழங்குவது "ஃபேர் டிங்கம்?" (உண்மையாகவா?) என்னும் கேள்வி. அதே தொடரைக் கேள்வித் தொனியின்றி உறுதியாகத் திருப்பிச் சொன்னால், உண்மைதான் என்ற பதிலாகிவிடும்.